துபாய்க் கணக்கு

“நாளையிலருந்து வர வேண்டாம்க்கா” என்று ஜோயல் சொன்னபோது வடிவாம்பாள் ஒரு பட்டுச்சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முந்தானையை நீவி, அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

“அமெரிக்காவுல இப்பிடித்தான் சொல்லுவாவளா தம்பி?”

“அங்க இதுகூடச் சொல்ல மாட்டாங்க. ஒரு மெயில் வரும். ரெண்டே வரி.”

தென்காசியில் அப்பா முப்பது வருடம் நடத்திய ஜவுளிக்கடை அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஜோயல் கைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பட்டுப் பிரிவை மூடிவிட்டு, இனி எல்லாம் செல்போனில் படம் காட்டி விற்பது என்பது அவன் திட்டம். அந்தப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் நின்றவளை அனுப்ப அவன் ஒதுக்கியிருந்தது இரண்டு நிமிடமும் ஒரு மாதச் சம்பளமும்.

வடிவாம்பாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சேலை விற்றுப் பழகியவளுக்கு முதலில் சொல்லும் விலை ஒரு விலையே இல்லை.

எட்டாம் வகுப்பைத் தாண்டாத அவளுக்கு எந்த நாட்டில் எப்படி வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்பது அத்துப்படி. எல்லாம் சேலை எடுக்க வந்த பெண்கள் சொன்னது. கடையநல்லூர் ஹஸீபாவின் வீட்டுக்காரருக்குத் துபாயில் வேலை போனது. ஆனாலும் மகள் கல்யாணத்துக்கு அசல் பட்டுதான் எடுத்தாள். உழைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் கணக்குப் போட்டுக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினார்களாம். இலஞ்சி ரூபியின் வீட்டுக்காரர் ஜெர்மனியில் இருபது வருடம் இருந்தவர். அவரை நிறுத்த, ஏழு மாதம் முன்பே காகிதத்தில் கையெழுத்துப் போட்டுச் சொன்னார்களாம். அந்த ஏழு மாதத்தில் ரூபி மூன்று சேலை எடுத்தாள்.

இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு, “அமெரிக்காவுல வேலை போன வீட்டை மட்டும் யாரும் சொல்லாண்டாம், நானே கண்டுபிடிச்சிருவேன்” என்றாள். “போன கிறிஸ்மஸுக்கு உங்கம்மா பட்டு வேண்டாம்னு காட்டன் சேலை எடுத்தாவள்லா?”

ஜோயல் கடை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். கடையைப் பார்த்துக்கொள்ள வேலையை உதறிவிட்டு வந்ததாகத்தான் ஊரில் சொல்லி வைத்திருந்தான்.

“நான் யார்ட்டயும் சொல்லல தம்பி” என்றாள் தணிந்த குரலில்.

பிறகு பேரம் ஆரம்பித்தது. அவன் வியாபாரம் படுத்ததைச் சொன்னான். அவள், அது படுக்காமல் இருபத்திரண்டு ஆடித் தள்ளுபடிக்குத் தான் நின்ற கதையைச் சொன்னாள். அவன் இரண்டு மாதத்துக்கு ஏறினான். அவள் ஜெர்மனியின் ஏழு மாதத்தை விட்டு அசையவில்லை. மூன்றுக்கு வந்தான். கடைசியில் அவளே வழிவிட்டாள்.

“ஜெர்மனி வரைக்கும் போகாண்டாம். அமெரிக்காவும் வேண்டாம். நடுவுல துபாய்ல இறங்கிக்கிடுவோம். நின்ன வருசம் ஒண்ணுக்கு ஒரு வாரச் சம்பளம் போட்டுருங்க.”

வருடக் கணக்குப் போட்டுச் செக் எழுதும்போது ஜோயலுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. அமெரிக்காவில் அந்த மெயிலைப் பார்த்த அன்று அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுப் பெட்டி கட்டினான். இவள் ஸ்டூலை விட்டு எழாமலே மூன்று நாட்டைச் சுற்றிக் காட்டி, அவன் கையாலேயே கையெழுத்து வாங்கிவிட்டாள். இப்படிப்பட்டவளை வெளியே அனுப்புகிறவன் வியாபாரியா?

“அக்கா, செக் உங்களுக்குத்தான். அதைத் திருப்பிக் கேக்கல. ஆனா வேலையிலயும் இருங்க. செல்போன்ல பேசி விக்கதுக்கு உங்களை விட்டா ஆள் கிடையாது. சம்பளமும் கூட்டித் தாரேன்.”

வடிவாம்பாள் செக்கைப் பட்டு மடிப்பதுபோல் மடித்துப் பர்ஸில் வைத்தாள்.

“நீங்க நல்லாருக்கணும் தம்பி. குத்தாலம் ரோட்டுல புதுசாத் தொறக்குத கடையில போன வாரமே பேசி முடிச்சிட்டேன். வேலைய விடுதேன்னு உங்ககிட்டச் சொல்லத்தான் காலையிலருந்து நேரம் பாத்துக்கிட்டிருந்தேன், நீங்க முந்திக்கிட்டிய.”