இரண்டாம் கேள்வி

பெரியவரின் கையிலிருந்து ஊசியை உருவினாள். பஞ்சை வைத்து அழுத்தினாள்.

ஒரு காதில் வைவா ஓடிக்கொண்டிருந்தது.

"கையை மடக்கிப் பிடிங்க. அஞ்சு நிமிஷம்."

"ரத்தம் எடுக்கறியா, படம் பாக்கறியாம்மா?" என்றார் பெரியவர்.

ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்களின் தட்டில் கைபேசி சாய்ந்து நின்றது. திரையில் இளஞ்சியம். கஞ்சி போட்ட புடவை. முகத்தில் வியர்வை. கிணற்றுத் தண்ணீரிலிருந்து ஃபுளோரைடைப் பிரிப்பது பற்றி ஐந்து வருடம் ஆய்வு செய்தவள். இன்று அவளுக்குப் பொது வாய்மொழித் தேர்வு, வைவா.

வியாழக்கிழமை ஒரு கல்லூரியில் நேர்காணல். இன்று பட்டத்துக்குப் பரிந்துரை கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் வேலையும் இல்லை.

பொதுத் தேர்வில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அதனால் யார் கேட்பது என்று முன்பே முடிவு செய்துவிடுவார்கள்.

குடும்பத்தில் முதல் ஆளாக ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. முன்னூறு பேர். எந்தப் படிவத்துக்கு யாரிடம் கையெழுத்து, எந்த இதழ் ஏமாற்று, எந்த நெறியாளர் வீட்டு வேலைக்குக் கூப்பிடுவார், எல்லாம் அங்கே கிடைக்கும். வைவாவுக்கு மூன்று எளிய கேள்விகளைப் பிரித்துக் கொடுப்பதும் அங்கேதான்.

இன்று இரண்டாவது கேள்வி, இங்கே ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த அவளுடையது.

இளஞ்சியத்துக்கு வழிகாட்டியும் அவள்தான். மூன்று வருடம். ஞாயிறுதோறும் காணொளியில். நேரில் பார்த்ததில்லை.

அவள் நான்காம் வருடத்தில் ஆய்வை விட்டவள். குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தேர்வாளராக வரவேண்டியவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக வேறொருவரை உட்கார வைத்திருந்தார்கள்.

பேராசிரியர் குணசீலன்.

அவளுடைய பழைய நெறியாளர்.

முகத்தைப் பார்த்ததும் திரையில் தன் பெயரை அழித்தாள். 'பார்வையாளர்' என்று போட்டுக்கொண்டாள்.

புளியங்கொட்டைக் கரியால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் முறை அவளுடையது. இது அறிவியலா சமையலா என்று கேட்டவர் அவர். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடவில்லை. அவள் போன பிறகு அதே முறை அவர் பெயரில் கட்டுரையாக வந்தது. புகார் எழுதினாள். விசாரித்தவர் அவருடைய நண்பர். அதன்பின் அவளோடு பேசிய இரண்டு மாணவர்களின் ஆய்வேடுகள் திருத்தத்துக்குத் திரும்பிப் போயின.

இளஞ்சியத்துக்கு முறையைச் சொல்லிக் கொடுத்தாள். கதையைச் சொல்லவில்லை. பயந்துகொண்டே எழுதினால் எழுத்து விளங்காது. குணசீலனின் கட்டுரையையே மேற்கோள் காட்டச் சொன்னாள்.

வேறு கட்டுரை இல்லை.

குணசீலன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"மெத்தட் நம்மளது. சந்தோஷம். ஆனா கரிய ஏன் நெழல்ல காயவெச்சீங்க? என் பேப்பர்ல ஓவன்னுதான இருக்கு?"

"ஓவன்ல வெச்சா பொடிஞ்சிடுது சார். தண்ணி கலங்கிடும்."

சரியான பதில். அந்த நாளில் குணசீலனின் ஆய்வகத்தில் பதினோரு தடவை பொடிந்த பிறகு அவள் கண்டுகொண்டது. அவருக்குத் தெரியாது. அவர் ஒருநாளும் அந்த மேசைப் பக்கம் வந்ததில்லை.

"இத யார் சொன்னா உங்களுக்கு?"

இளஞ்சியம் சிரித்தாள். நன்றி சொல்ல இடம் கிடைத்த சிரிப்பு.

"எங்க குரூப்புல ஒரு அக்கா இருக்காங்க சார். அவங்க பேரு…"

அவள் கையுறையை உருவி எறிந்தாள். கைபேசியில் மைக்கைத் திறந்தாள்.

"சார், ஒரு கேள்வி. இந்தக் கரிய எத்தன தடவ திரும்பப் பயன்படுத்தலாம்?"

கூட்டத்தை நடத்திய துறைத் தலைவர் பாய்ந்தார்.

"யாரும்மா அது? எக்ஸாமினர் பேசிட்டிருக்காருல்ல? சந்தைக்கட வெச்சிருக்கோமா இங்க?"

குணசீலன் அவரைக் கையமர்த்தினார். திரையைப் பார்த்தார். கறுப்புக் கட்டம். அதில் 'பார்வையாளர்'.

மூன்று வருடத்துக்கு மேல் அவர் தினமும் கேட்ட குரல்.

"விடுங்க சார். நல்ல கேள்விதான் கேக்கறாங்க."

அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நடிப்பில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

இளஞ்சியத்தின் பக்கம் திரும்பினார்.

"யாரும்மா இவங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

பெரியவர் பஞ்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

இளஞ்சியம் பெயர் மறைந்த அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள். அந்தக் குரலை நூற்றைம்பது ஞாயிறுகள் கேட்டவள்.

"தெரியல சார்," என்றாள். "வெளியாளா இருக்கும்."

குரல் நடுங்கவில்லை.

பிறகு பதிலைச் சொன்னாள். ஐந்து தடவை. ஆறாவது தடவை கரி வேலை செய்யாது. அழகாகச் சொன்னாள். அந்த அக்கா யார் என்று குணசீலன் மறுபடி கேட்கவில்லை.

கால் மணி நேரத்தில் அறிவித்தார்கள். பட்டத்துக்குப் பரிந்துரை.

முதல் பொன்னாடை குணசீலனுக்கு. இளஞ்சியத்தின் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு ஏறினாள். குணசீலன் அவளிடம் ஏதோ சொன்னார். 'நம்ம பொண்ணு' என்பது மட்டும் கேட்டது. அந்த அம்மா அவரைக் கும்பிட்டாள்.

இளஞ்சியம் கேமரா பக்கம் திரும்பவேயில்லை.

திரையின் ஓரத்தில் கைதட்டும் பொத்தான் இருந்தது.

வெளியாட்களுக்கும் அது உண்டு.