எந்தத் தீவும் பிடிக்காதவள்

“மாலத்தீவு வேண்டாம் மேடம். நாலு பக்கமும் தண்ணி. சண்டை வந்தா கோவிச்சுக்கிட்டு எங்க போறது?”

ரலிட்சா சொன்னதைக் கேட்டு ஸ்னெஜானா சிரித்துவிட்டாள். சுற்றுலா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ சாக்குகள் கேட்டிருக்கிறாள். வெயில் ஆகாது, விமானம் பயம், மீன் வாடை பிடிக்காது. இப்படி ஒன்றை யாரும் சொன்னதில்லை.

“தேனிலவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே சண்டை போட இடம் தேடறியாம்மா?”

“முன்னெச்சரிக்கைதான்.”

வெளியே டான்யூப் ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி ரூஸே நகரத்துத் தெருக்களை அடைத்துக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையின் பச்சை விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. இந்த மாதிரி நாட்களில்தான் தீவுகள் நன்றாக விலைபோகும். உள்ளே வருகிறவர்கள் கோட்டைக் கழற்றுவதற்குள் கடல் படத்தைக் காட்டினால் போதும், விழுந்துவிடுவார்கள்.

ரலிட்சாவிடம் அது பலிக்கவில்லை. இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. மொரீஷியஸ் ரொம்ப தூரம் என்றாள். சான்சிபாரில் கொசு கடிக்கும் என்றாள். படங்களைக்கூட அவள் சரியாகப் பார்ப்பதில்லை. ஸ்னெஜானா பேசும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“நீங்க இதுல எதுக்காவது போயிருக்கீங்களா மேடம்?”

“நானா? நம்ம வர்னா கடற்கரையைத் தாண்டி நான் எங்கயும் போனதில்ல. அங்கயும் போன அன்னிக்கு மழை.”

ரலிட்சாவின் கைப்பேசி அடித்தது. பேசுவதற்காக வாசல் பக்கம் போனாள். அதற்காகவே காத்திருந்தவன் போல அடுத்த மேசையிலிருந்து பிளாமென் எட்டிப் பார்த்தான்.

“அக்கா, இந்தப் பொண்ணு தீவு பார்க்க வரல. ஹீட்டர் பக்கத்துல உட்கார வருது. பேசாம அனுப்பி வைங்க.”

“விடு பிளாமென். எனக்கு வேற மாதிரி தோணுது. கல்யாணத்துல இஷ்டமில்லையோ என்னவோ. மனசு ஒட்டாதவங்கதான் எதைக் காட்டினாலும் குறை சொல்லுவாங்க.”

“அதை விசாரிக்கிறதும் நம்ம வேலையா?”

“யாராவது விசாரிச்சா நல்லதுதானே?”

ரலிட்சா திரும்பி வந்தபோது மேசையில் சூடாகத் தேநீர் இருந்தது. ஸ்னெஜானா கணினித் திரையை ஓரமாகத் திருப்பி வைத்தாள்.

“தப்பா நினைக்காதேம்மா. அந்தப் பையனை உனக்குப் பிடிச்சிருக்கா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கு.” அவள் யோசிக்கவே இல்லை.

“அப்புறம் ஏன் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கே?”

ரலிட்சா கோப்பையை எடுத்தாள். குடிக்கவில்லை. “அவர் நல்லவர். ஆனா வீம்பு ஜாஸ்தி. தப்பு தன் மேலன்னு தெரிஞ்சாலும் முதல்ல போய்ப் பேசமாட்டார். மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டுப் புழுங்குவார். அப்படிப்பட்டவரோட காலம் தள்ள முடியுமா மேடம்?”

ஸ்னெஜானா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“முடியும். அப்படி ஒருத்தரை எனக்கும் தெரியும். தப்பு யாரோடதுங்கறதை ஒதுக்கி வெச்சிட்டு நாம போய்ப் பேசிடணும். அவரே வரட்டும்னு நான் உட்கார்ந்திருந்தேன். வரவே இல்ல. இப்ப நினைச்சாலும் என்ன சொல்லிக்கிட்டுப் போறதுன்னு தெரியல.”

“போகணும்னு நினைக்கிறீங்களா?”

“தினமும் நினைக்கிறேன்.”

சொன்ன பிறகுதான், யாரென்றே தெரியாத ஒரு பெண்ணிடம் இவ்வளவு பேசியிருக்க வேண்டாமே என்று அவளுக்குத் தோன்றியது. திரையை மறுபடியும் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரலிட்சா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பதிவு பண்ணிடலாம் மேடம்.”

“எந்தத் தீவு?”

“நீங்களே ஒண்ணு சொல்லுங்க. எங்களை எங்க அனுப்பினாலும் சரி.”

“அப்படின்னா செஷல்ஸ் போங்க. அங்க மலை இருக்கு, நடக்கறதுக்குப் பாதை இருக்கு. கோவிச்சுக்கிட்டுக் கொஞ்ச தூரம் போகலாம். சமாதானமாகித் திரும்பியும் வரலாம்.”

அந்தப் பெண் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். பிளாமென் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான்.

ஸ்னெஜானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரலிட்சாவின் பெயரைத் தட்டினாள். மலையைப் பார்த்த அறையா, கடலைப் பார்த்த அறையா என்று கேட்டாள். கடல் என்று பதில் வந்தது.

“கூட வர்றவர் பேர் சொல்லும்மா.”

ரலிட்சா நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள்.

“கலோயன். கலோயன் ஸ்தோயானொவ்.”

ஸ்னெஜானாவின் விரல்கள் நின்றுவிட்டன. அவள் நிமிரவில்லை. திரையில் காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முதல் நாளே பதிவு பண்ணியிருப்பேன்,” என்றாள் ரலிட்சா மெதுவாக. “இந்தப் பேரைக் கேட்டதும் நீங்க எழுந்து போயிட்டா என்ன பண்றதுன்னு பயம். அதனாலதான் ஒவ்வொரு தீவா வேண்டாம் வேண்டாம்னு இழுத்தடிச்சேன். உங்க பிள்ளைக்குக் கோபமெல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சு. நீங்க மறுகல்யாணம் பண்ணிக்கிட்டப்போ அப்படிப் பேசிட்டோமேங்கற வெட்கம்தான் மிச்சம்.”

அவள் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி ஸ்னெஜானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்த மாசம் கல்யாணம். நீங்க வரணும், அத்தை.”