ராஜா புத்தகத்தின் பவனி

மேடைகளில் பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுக்கும் வழக்கம் வந்த பிறகு, ஓர் அரச பரம்பரையின் வரலாற்றைச் சொல்லும் கனத்த புத்தகம் ஓய்வின்றி ஊர்வலம் போனது. வாங்கியவர் எவரும் கண்ணாடித்தாளைப் பிரிக்காமல், அடுத்த விழாவில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். இப்போது அது பேச்சாளர் சிவநேசன் வீட்டு அலமாரியில், ஒரு கபடிப் புத்தகத்துக்கும் சினிமாப் பாட்டுப் புத்தகத்துக்கும் நடுவே நின்றது.

"நம் மேல் மந்திரியின் கை பட்டிருக்கிறது," என்றது ராஜா புத்தகம்.

"என் மேல சாம்பார் பட்டிருக்கு," என்றது கபடிப் புத்தகம்.

"அது கிடக்கட்டும். உங்க ராஜா கடைசியில ஜெயிச்சாரா, தோத்தாரா?" என்று கேட்டது பாட்டுப் புத்தகம்.

ராஜா புத்தகம் தொண்டையைச் செருமிக்கொண்டது. யாராவது பிரித்துப் படித்தால்தானே அதற்கே தெரியும்? அட்டையில் 'எல்லா வயதினருக்கும்' என்று போட்டிருந்தது. ஏதாவது ஒரு வயதினர் வரமாட்டாரா என்று அது உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தது.

அன்று சிவநேசனின் மகள் எழிலி வந்தாள். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடித்தாளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தாள். ராஜா புத்தகம் மூச்சை அடக்கிக்கொண்டது.

"அதைப் பிரிச்சிடாதம்மா," என்றார் சிவநேசன், வேட்டியைச் சரிசெய்தபடி. "சாயங்காலம் விழாத் தலைவருக்குக் கொடுக்கணும்."

எழிலி அதை வைத்துவிட்டு, கபடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

"கேட்டாயா?" என்றது ராஜா புத்தகம். "நாம் போகாவிட்டால் அங்கே விழாவே நடக்காதாம்."

எந்தச் சமயத்துக்கும் ஒரு பாட்டு வைத்திருக்கும் பாட்டுப் புத்தகம், இதற்கு ஒன்றும் பாடவில்லை.