ஜாடியைத் தொட்டவள்

ஐந்து கிலோ மாங்காயைத் திலகா இடுப்பொடிய நறுக்கிப் போட்ட ஊறுகாயில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. "எவ தீட்டோட ஜாடியைத் தொட்டது?" என்று மாமியார் வழக்கம்போலத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். பதினாறு வருஷமாக இந்தக் கேள்விக்குத் தலைகுனிந்து நின்ற திலகாவுக்கு இன்று பொறுக்கவில்லை. "எனக்குத்தான் போன தையிலேயே கர்ப்பப்பையை எடுத்தாச்சே அத்தை. இனிமே யார் மேல பழி போடுவீங்க?"

மாமியாரின் பார்வை மெல்ல நகர்ந்து, சோற்றுத் தட்டோடு வந்து நின்ற திலகாவின் மகள் மேல் விழுந்தது. போன மாதம்தான் அவள் வயசுக்கு வந்து, சடங்கு சுற்றியிருந்தார்கள்.

திலகா ஜாடியை வெடுக்கென்று இழுத்தாள். பூசணம் பிடித்த துண்டாகப் பார்த்து எடுத்து, வாயில் போட்டு மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. இந்தாங்க அத்தை, உங்களுக்கு ஒண்ணு."