எத்தனை நாள் வருது?

“ஒரு டேங்க் டீசல் உனக்கு எத்தனை நாள் வருது?”

சமையல் சிலிண்டரைப் பற்றி விசாரிப்பதுபோல, அக்காவைக் கட்டிய அத்தான் அவளிடம் இப்படிக் கேட்டது, அப்பாவின் தச்சுப் பட்டறைக்குப் பிக்கப் வண்டி வாங்கிய புதிதில்.

“ஒரு வாரம் வரும் அத்தான். ஆனா கிலோமீட்டர் பார்த்தா...”

“கிலோமீட்டரெல்லாம் கம்பெனிக்காரன் விளம்பரத்துக்குப் போடுற கணக்கு. வீட்டுக் கணக்குன்னா நாள் கணக்குதான். என் வீட்டுலயும் இதே வண்டிதானே நிக்குது? இதே மாடல், இதே கலர். நான் கடைசியா டீசல் போட்டதே மறந்துபோச்சு!”

அப்பா வியந்துபோய் மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அன்றிலிருந்து அத்தான் அவளுக்கு வைத்த பெயர் ‘டேங்கர்’.

அவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட வராது. வண்டி ஓட்டுவது ஒன்றுதான் தனக்கு உருப்படியாக வரும் என்று நம்பியிருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் யாரிடமும் பேச வேண்டியதில்லை, ஹாரன் பேசிக்கொள்ளும். இப்போது அதிலும் ஃபெயில் என்று தெரிந்தது.

“ஆக்ஸிலேட்டருக்கு அடியில ஒரு முட்டை இருக்குன்னு நினைச்சுக்கோ,” என்றார் அத்தான். “கால் வச்சா உடையக் கூடாது.”

நினைத்துக்கொண்டாள். சைக்கிளில் போன ஒரு பெரியவர் அவளை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டார். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. அப்படியும் டேங்க் ஒரு வாரத்தைத் தாண்டவில்லை. அவள் உடைத்த முட்டைகளுக்கு ஒரு கோழிப்பண்ணையே வைத்திருக்கலாம்.

“ஏசி போடாதே.”

போடவில்லை. டெலிவரிக்குப் போன வீடுகளில் அலமாரியை இறக்கச் சொல்வதற்கு முன்னால், அவளை உட்காரவைத்து ஃபேன் போட்டார்கள்.

“தேவையில்லாத கனத்தை இறக்கி வை.”

ஜாக்கியை இறக்கி வைத்தாள். மறுநாளே டயர் பஞ்சர். ஊருக்கு வெளியே ரோட்டோரத்தில் ஒரு டிரெஸ்ஸிங் டேபிளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இருந்ததால், அழுதால் எப்படி இருப்போம் என்று பார்த்துக்கொள்ள வசதியாக இருந்தது.

கடைசியில், ஒருவேளை தன் உடம்புதான் அந்தக் கனமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பின்னால் மூன்று மர அலமாரிகளை ஏற்றிக்கொண்டு, முன்னால் உட்கார்ந்தவள் சாயங்கால பிஸ்கட்டை நிறுத்திவிட்டாள்.

“உங்களுக்கு மட்டும் எப்படி அத்தான்?”

“சமையலுக்குக் கைப்பக்குவம். வண்டிக்குக் கால் பக்குவம்.”

சொல்லிவிட்டு அத்தான் வீட்டுக்கு நடந்தே போனார். எங்கே போனாலும் நடைதான். “நாலு தெருவுக்கு வண்டி எதுக்கு? இதுவும் மைலேஜ்தான்!” என்பார்.

அவர் வீட்டு ஷெட்டில் நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு வந்த அன்று அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. “சீட்டுல பிளாஸ்டிக் உறைகூடக் கிழியலம்மா. வண்டி வச்சிருந்தா அப்படி வச்சிருக்கணும்.”

அடுத்த திங்கட்கிழமை காலை, பட்டறையில் அத்தானை வைத்துக்கொண்டே அப்பா சொல்லிவிட்டார். “இனிமே லோடெல்லாம் மாப்பிள்ளை எடுத்துட்டுப் போகட்டும். நீ உள்ள பாலிஷ் போடும்மா.”

பாலிஷ் டின்னை இன்னும் திறக்கவே இல்லை. அவளுக்கு அதற்குள் கண் கரித்தது.

“எதுக்கு மாமா, பாவம்,” என்றார் அத்தான் அவசரமாக. “சின்னப் பொண்ணு. அவளே ஓட்டட்டும்.”

இவ்வளவு நல்ல மனுஷரைப் போய் மனசுக்குள் எத்தனை தடவை திட்டியிருக்கிறோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“நீங்க பெருந்தன்மையா சொல்றீங்க மாப்பிள்ளை. எனக்குக் கட்டுப்படியாக வேணாமா? ஏறுங்க. அவ இன்னிக்கு ஒரு நாள் பக்கத்துல உக்காந்து கத்துக்கட்டும்.”

சாவியை நீட்டினாள். விரல்கள் அதை விட மறுத்தன. அத்தானின் விரல்களும் அதை வாங்கத் தயங்கின.

வாங்கியவர் உடனே ஏறிவிடவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். சைடு கண்ணாடியைத் துடைத்தார். இன்னொரு சுற்று வந்தார்.

“பாத்துக்கோ! ஏறுறதுக்கு முன்னாடியே எவ்வளவு கவனம்!” என்றார் அப்பா.

அவள் தலையாட்டினாள். அவளெல்லாம் பஸ் பிடிப்பதுபோலத் தாவி ஏறுகிற ரகம்.

அத்தான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்த அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, கால்களையே பார்த்தாள். பக்குவம் அங்கேதானே இருக்கிறது! வலது கால் மெல்ல இறங்கியது. எதையும் தொடாமல் இடது பக்கம் போனது. நடுவுக்கு வந்தது. அப்படியே அந்தரத்தில் நின்றது. முட்டைக்கு வலிக்காமல் ஓட்டுவது என்றால் இதுதான் போலிருக்கிறது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“கிளம்புங்க மாப்பிள்ளை!” அப்பா கை காட்டினார்.

அத்தான் அவரைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் கேட்டார்.

“டேங்கரு... இதுல பிரேக் எது?”

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள். “அத்தான்... உங்க வண்டியக் கடைசியா ஓட்டினது யாரு?”

“ஷோரூம் ஆளு. வீட்டுல கொண்டுவந்து நிறுத்தினப்போ.”

சாவியை அவள் மடியில் வைத்துவிட்டு, இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அத்தான் நடையைக் கட்டினார்.