கண் திறந்த ஜெபம்

வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்க அரசாங்கம் சுவரில் பெட்டி மாட்டியதிலிருந்து செல்வின் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபிக்கிறான். வீட்டில் யாராவது, சண்டையில் மறுதரப்பில் இருக்கும் ஆள் ஒருவரின் பெயரைச் சொன்னால் அதன் விளக்கு மஞ்சளாகும். மறுபடியும் சொன்னால் சிவப்பு. அப்படி விளக்கு சிவந்த எதிர்வீட்டில் ஆட்களைக் கொண்டுபோய்விட்டார்கள்; வீடு ஒரு வாரமாகப் பூட்டிக் கிடக்கிறது.

அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தில், அவன் மனைவி எப்சிபா வழக்கம்போல் கண்ணை மூடி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மன்றாடினாள். பிள்ளைகள், போதகர், கடைசியாக மறுதரப்பில் இருக்கும் அவள் அண்ணன்.

"ஆண்டவரே, தயாபரன் அண்ணனுக்கு நாளைக்கு ஆபரேஷன்..."

விளக்கு மஞ்சளானது.

"ஏட்டி, பேரச் சொல்லாத!" செல்வின் விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "பேரு சொல்லலன்னாலும் ஆண்டவருக்குத் தெரியும்."

"சத்துருவுக்கே ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கு. இது என் கூடப்பொறந்த அண்ணன்லா?"

அவள் மறுபடி ஆரம்பிக்கப் போனாள். அவன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். அவன் கையை அவள் தட்டிவிடவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. அவன் உள்ளங்கைக்குள் அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. அதே பெயர். திரும்பத் திரும்ப அதே பெயர்.

செல்வின் விளக்கைப் பார்த்தான். பூட்டிக் கிடந்த எதிர்வீட்டை ஜன்னல் வழியே பார்த்தான்.

பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை எடுத்தான்.