கிளாப் இல்லாத ஷாட்

"இந்தப் பொண்ணுக்கு நடிக்கவே வரல சார்" என்றாள் எடிட்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓவரா பண்ணுது. அதான் அந்த ஷாட்டைத் தூக்கிட்டேன்."

இயக்குநருக்குச் சுருக்கென்றது. மாலை ஆறு மணிக்குப் பேய்ப் படத்தின் டிரெய்லர் வெளியாக வேண்டும். அதன் உயிரே அந்தப் பதினோரு விநாடிதான்: பூட்டிய அறைக்குள் நாயகி இரண்டு கையாலும் கதவை அடித்துக் கதறும் ஷாட். படத்தை வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்த பிறகுதான் தலையாட்டியிருந்தார்கள்.

ஏற்கெனவே அந்த ஷாட்டால் அவருக்குத் தலைவலி. தன்னிடம் சொல்லாமலே பூட்டிவைத்துப் படமெடுத்தார்கள் என்று நாயகி நடிகர் சங்கத்தில் புகார் கொடுத்திருந்தாள். நாளை விசாரணை. எல்லாம் சொல்லித்தான் எடுத்தோம், அவளும் சம்மதித்துத்தான் நடித்தாள் என்று இவர் எழுதிக் கொடுத்தாயிற்று. இப்போது இவள் வேறு.

"திரும்பப் போடு" என்றார்.

"முதல்ல உட்காருங்க சார்." வெளிச்சம் திரையில் அடிக்கிறது என்று சொல்லி, மேசை விளக்கை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள் அவள். ஆறு படங்களாக அவரிடம் வேலை பார்க்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். வேலை சுத்தம் என்பதால் பொறுத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு அந்த வாய் இன்னும் நீண்டது. டிரெய்லரில் மொத்தம் நாற்பது ஷாட், நாயகி வருவது இருபத்தாறு, அதில் பத்தொன்பது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்தோ தலைக்கு மேலிருந்தோ எடுத்தவை என்று ஒப்பித்தாள். நாயகன் நாலே இடத்தில் வருகிறான். நாலிலும் கேமரா தரையோடு தரையாகக் கிடந்து அவனை அண்ணாந்து பார்க்கிறது.

"எண்ணிப் பார்க்கவா உனக்குச் சம்பளம் தர்றேன்?"

கோபம்தான். ஆனாலும் தொழிலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் அவரால் விளக்காமல் இருக்க முடியாது. பெண்ணின் பிடரிக்குப் பின்னால் கேமரா போனால், பார்க்கிறவன் பேய் நிற்கிற இடத்தில் நிற்கிறான். பேயைக் காட்டவே வேண்டாம், அதன் கண் வழியாகப் பார்க்க வைத்தால் போதும். மேலிருந்து எடுத்தால் ஆள் சின்னதாகிவிடுவாள், ஓடி ஒளிய இடமில்லாத மாதிரி தெரியும். இடுக்கு வழியாக எடுத்தால் இன்னும் விசேஷம். அவளை யாரோ பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

"இதெல்லாம் நாயகனுக்கும் செய்யலாமே சார்."

"ஆம்பள பயந்தா ஜனங்க சிரிப்பாங்க. பொம்பள பயந்தாதான் டிக்கெட் எடுப்பாங்க. நீ ஷாட்டைப் போடு."

போட்டாள். மேலிருந்து தெரியும் மங்கலான அறை, கதவை அடிக்கும் இரண்டு கைகள், கலைந்த தலைமுடி. பாதியிலேயே நிறுத்தினாள். கிளாப்பே இல்லை, சத்தத்தை எதோடு சேர்ப்பது என்று கேட்டாள்.

கிளாப் பலகை எழுப்பும் அந்த ஒரு 'டக்'கை வைத்துத்தான், தனியாகப் பதிவான சத்தத்தைப் படத்தோடு ஒட்டுவார்கள். தொடக்கத்தில் அடிக்க வாய்க்காவிட்டால், ஷாட் முடியும்போது பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பார்கள். பலகை தலைகீழாக இருந்தால் ஷாட் முடிந்தது என்று எடிட்டருக்குப் புரிந்துவிடும். இந்த ஷாட்டில் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

"ஒத்திகை பார்க்காம, கிளாப்கூட அடிக்காம எடுத்தா இப்படித்தான் இருக்கும்" என்று உதட்டைப் பிதுக்கினாள் எடிட்டர். "பள்ளிக்கூட நாடகத்துல அழற மாதிரி அழுவுது. இதை வெளியில விட்டா அவ பேர் கெடாது சார், உங்க பேர்தான் நாறும்."

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல ஷாட் அது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"நடிப்பா? உளறாத. இதுல நடிப்பே இல்ல. அசல் பயம்."

"சும்மா சொல்லாதீங்க சார்."

"சும்மாவா? டிரஸ்ஸை எடுத்துட்டு வான்னு உள்ள அனுப்பினேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. வெளியில தாழ் போட்டது நான். கேமராமேனைக்கூடச் சாப்பிட அனுப்பிட்டு, மேல இருக்கிற சின்ன ஜன்னல் வழியா நானே எடுத்தேன். இருபது நிமிஷம் கதறினா. அதுல பதினோரு விநாடி இது. எந்த நடிகை தருவா இதை?"

"சொல்லிட்டுதான் எடுத்தோம்னு சங்கத்துல எழுதிக் கொடுத்தீங்களே?"

இயக்குநர் சிரித்தார். "உள்ள அவ ஒருத்தி, வெளியில நான் ஒருத்தன். மூணாவதா யார் பார்த்தா?"

மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்திருந்த பழைய கிளாப் பலகையை எடிட்டர் எடுத்தாள். அவர் மார்புக்கு முன்னால் தலைகீழாகப் பிடித்து ஒரு முறை அடித்தாள்.

டக்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த விளக்கைப் பார்த்தார். அதற்கு அப்பால், திரைக்குப் பக்கத்தில், டப்பிங் அறையின் கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. அந்த இடுக்கில் ஒரு லென்ஸ்.

நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார், முதுகு சுவரில் முட்டியது. விளக்கு வெளிச்சத்தில் நெற்றி வேர்வை பளபளத்தது.

கதவு மெல்ல முழுதாகத் திறந்தது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் நாயகி சொன்னாள்:

"அசல் பயம், சார்."